நாற்பது ஓட்டம்

போன் அக்காவை வாயில்லாப் பூச்சி என்று ஆபீஸில் சிலர் சொல்வதுண்டு. அவர்களுக்கு அவளைத் தெரியாது, அவ்வளவுதான். அவள் சத்தம் போட மாட்டாள். ஆனால் மனசுக்குள் ஒன்றை முடிந்து வைத்துக்கொண்டால் அந்த முடிச்சை அவிழ்க்க ஆளே கிடையாது.

லிஃப்ட் ரிப்பேர் கம்பெனி ஒன்றின் கிளை ஆபீஸில் போன் எடுப்பது அவள் வேலை. இருபத்தோரு வருஷமாக அதே மேஜை, அதே ஜன்னல். நாற்காலி மட்டும் மூன்று தடவை மாறியது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். பதறிக்கொண்டு பேசுகிறவர்களிடம், போனைக் கொஞ்சம் கதவுப் பக்கம் பிடிங்க என்பாள். சத்தத்தைக் கேட்டே பிரேக்கா, கதவா, மேலே மோட்டார் அறையிலா என்று சொல்லிவிடுவாள். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டுக்கு லிஃப்ட்டைத் திட்டுவாள். மெக்கானிக்குகள் பதினான்கு பேருக்கும் அவள் அக்கா. அவளைவிட ஆறு வயது மூத்தவரான கிரீஸ்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் நகக்கண்ணில் கறுப்போடு போகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவன் அவளுடைய சொந்தத் தம்பி. பதினோரு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. தலை வாரிவிட்டதும் அவள்தான், ஸ்கூலில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்று சொல்லிச் சொல்லி அனுப்பினாள். அவன் ஒரு நிலைக்கு வந்தபோது கேட்டு வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். அதற்காக அவள் உட்கார்ந்து அழுததாக யாரும் பார்த்ததில்லை. படிக்க வைத்து, லைசென்ஸ் எடுக்க வைத்து, இதே கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்த்து, கல்யாணமும் பண்ணி வைத்தாள். தம்பி, தம்பி பெண்டாட்டி, அக்கா மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

அந்த மெக்கானிக்குகளுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. யார் எழுதி வைத்தார்கள் என்று தெரியாது. எந்த லிஃப்ட்டைச் சரிபண்ணினாலும், ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் நாற்பது தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். இருபது மேலே, இருபது கீழே. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும். சொந்தக் கையை விட்டு வேலை செய்கிறவர்கள் என்பதால் இதில் யாரும் ஏமாற்றியதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் புது மேனேஜர் வந்தார். வந்த வாரமே ஆளுக்கொரு போன் கொடுத்தார். அதில் ஐந்து பொத்தான்: கிளம்பியாச்சு, வந்தாச்சு, கண்டுபிடிச்சாச்சு, சரிபண்ணியாச்சு, ஓட்டிப்பார்த்தாச்சு. ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நிமிஷம் என்று அவரே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். கணக்குக்குள் முடித்தால் ஆபீஸ் சுவரில் மாட்டிய பெரிய டி.வி.யில் அந்த ஆள் பெயர் பச்சையில் இருக்கும். தாண்டினால் மஞ்சள். மேலும் தாண்டினால் சிவப்பு. திங்கட்கிழமை காலையில் சிவப்புக்காரர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைக்க மெக்கானிக்குகளுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை.

கடிகாரம் ஓட்டிப் பார்ப்பதற்குக் கொடுத்த நேரம் ஐந்து நிமிஷம். மோட்டார் அறைச் சாவிக்காக வாட்ச்மேனைத் தேடி அலையும் நேரத்துக்குப் பொத்தானே கிடையாது. கிரீஸ் எழுந்து, நாற்பது ஓட்டம் அஞ்சு நிமிஷத்தில் எப்படி சார் ஆகும் என்று கேட்டார். அதற்குக் கடிகாரம் எல்லார் முன்னாலும் சொன்ன பதில் அக்காவுக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"எப்படியோ அஞ்சு நிமிஷத்துல அமுக்கிடுங்க. அப்புறம் நாற்பது ஓட்டுங்க, நானூறு ஓட்டுங்க, எனக்கென்ன."

அப்படித்தான் பழகிப்போனது. ஐந்தாவது நிமிஷம் முடிவதற்குள் 'ஓட்டிப்பார்த்தாச்சு' பொத்தானை அமுக்கிவிட்டு, போனைப் பையில் போட்டுவிட்டு, நிதானமாக நாற்பது ஓட்டம் ஓட்டுவார்கள். டி.வி. பச்சைப் பசேலென்று இருந்தது. எல்லாக் கிளைகளிலும் இந்தக் கிளைதான் வேகம் என்று கடிகாரத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டார்.

ஒரு நாள் தம்பி ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் கதவுப் பூட்டு மாற்றிக்கொண்டிருந்தான். புதுப் பூட்டு கேட்டான். ஸ்டோரிலிருந்து பழசைச் சுத்தம் பண்ணி அனுப்பியிருந்தார்கள். அதை மாட்டி முடித்துவிட்டு அக்காவுக்குப் போன் பண்ணினான். நாலு நிமிஷம் தாண்டிடுச்சு, இன்னும் முப்பது ஓட்டம் பாக்கி, அமுக்கிட்டு அப்புறம் ஓட்டிக்கட்டுமா என்று கேட்டான். அந்த வாரம் ஏற்கெனவே ஒரு சிவப்பு வாங்கியிருந்தான். அக்கா யோசிக்கவே இல்லை.

"அமுக்கிடு. அப்புறம் ஓட்டிக்கோ."

அவன் அமுக்கினான். பாக்கி முப்பதையும் ஓட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் அந்தப் பழைய பூட்டுக்குள் இருந்த ஸ்பிரிங் உடைந்தது. லிஃப்ட் நகரும்போதே கதவு திறந்துகொண்டது. உள்ளே இருந்த டீச்சர் அம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்தது. ஸ்பிரிங் உடையப்போவது நாற்பது இல்லை, நானூறு ஓட்டத்திலும் தெரிந்திருக்காது. ஆனால் அதை யார் பார்த்தார்கள்? விசாரணையில் கடிகாரம் ஒரு தாளைத்தான் நீட்டினார். ஓட்டிப் பார்த்த நேரம்: நாலு நிமிஷம் ஐம்பது விநாடி.

அமுக்கிவிட்டு ஓட்டுவது இங்கே எல்லாரும் செய்கிறதுதான் என்று தம்பி சொன்னான். அப்படி ஒரு பழக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது என்று கடிகாரம் சொன்னார். கண் இமைக்காமல் சொன்னாராம். வேலை பயத்தில் மெக்கானிக்குகள் வாயைத் திறக்கவில்லை. அக்காவும் திறக்கவில்லை. முந்தின நாளே தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்னேன்னு நான் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே, ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்தா என்ன ஆகும் என்று சத்தியம் வாங்கியிருந்தான். வேலை போனது. லைசென்ஸை முடக்கினார்கள். 'சோதிக்காமல் லிஃப்ட்டை ஓடவிட்டவர்' என்று எழுதி வைத்தார்கள். அந்த வரி இருக்கும்வரை ஊரில் எந்த லிஃப்ட் கம்பெனியும் அவனை வாசலில்கூட நிற்கவிடாது.

எட்டு மாதம் தம்பி வீட்டில் உட்கார்ந்தான். அவர்கள் வீடு நாலாவது மாடி. அவன் படியில்தான் ஏறுவான், படியில்தான் இறங்குவான். லிஃப்ட் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டான். அவன் காலடிச் சத்தம் படியில் கேட்கும்போதெல்லாம் அக்கா, அமுக்கிடு என்று சொன்ன தன் நாக்கை ஒரு பக்கம் சபித்தாள். சாபத்தின் பெரும் பங்கு கண்ணாடி போட்ட அந்தப் பாராட்டுக் கடிதத்துக்குப் போனது. தினமும் காலையில் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து, குட் மார்னிங் சார் என்றாள். அவர் குட் மார்னிங் மேடம் என்பார். இந்த ஆளைத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று தினமும் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் முதல் போனை எடுப்பாள்.

அந்த நாளும் வந்தது. தலைமை ஆபீஸிலிருந்து பெரிய அதிகாரி அம்மா வெள்ளிக்கிழமை வருகிறார்கள், டி.வி.யைப் பார்க்கிறார்கள், இந்த ஏற்பாட்டை எல்லாக் கிளைகளுக்கும் கொண்டுபோகப்போகிறார்கள், கடிகாரம் அதற்கெல்லாம் தலைவர் ஆகப்போகிறார் என்று செய்தி. கடிகாரம் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையைச் சொல்லும்போதே அக்கா, தம்பி போக மீதி இருந்த பதின்மூன்று மெக்கானிக்குகளிடமும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னாள். இந்த வாரம் பொய் வேண்டாம். எந்தக் கட்டம் எப்போது முடிகிறதோ அப்போது அமுக்குங்க. முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம். கிரீஸ் மட்டும் இழுத்தார்.

"எல்லாம் சிவப்பா வருமேக்கா."

"வரட்டும்."

"வேலை போயிடும்."

"பதிமூணு பேரையும் அனுப்பிட்டு, அவரே போய் லிஃப்ட்டுல தொங்குவாரா?"

கிரீஸ் சிரித்துவிட்டார். பிறகு, விசாரணை அன்னிக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்க்கா, அதிலேருந்து சரியா தூக்கம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பதினொரு மணிக்கெல்லாம் டி.வி.யில் ஒன்பது பெயர் சிவப்பு. கடிகாரம் டி.வி. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தார். ரிப்பேர்காரரை வரவழைத்தார். அந்த மனுஷன் பின்னால் தட்டிப் பார்த்து, முன்னால் துடைத்துப் பார்த்து, டி.வி. நல்லாத்தான் சார் இருக்கு, உள்ளே இருக்கிற பேருங்கதான் சிவப்பா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக்குகளை வரிசையாக நிற்க வைத்து, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கக் கத்தினார். கிரீஸ் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். போன் கொடுத்த அன்று கடிகாரமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் அது. 'ஒவ்வொரு கட்டமும் முடிந்தவுடன் பொத்தானை அழுத்தவும்' என்று இருந்தது. நீங்க சொன்னபடிதான் சார் செய்றோம் என்றார், ரொம்பப் பணிவாக. புதன்கிழமை பதின்மூன்று பெயரும் சிவப்பு. கடிகாரத்துக்குக் காரணம் புரிந்துவிட்டது. யார் சொன்னால் பதின்மூன்று பேரும் கேட்பார்கள் என்று யோசிக்க அதிக நேரம் ஆகியிருக்காது.

வியாழக்கிழமை மதியம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மேடம் என்று கூப்பிட்டுப் பழகிய வாய் அன்று மாறியது.

"அக்கா, உங்க தம்பி விஷயத்துல என்ன பண்ணணுமோ சொல்லுங்க, பண்ணிடறேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் பழையபடி அமுக்கச் சொல்லுங்க."

அக்கா ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினாள். இருபத்தோரு வருஷமாக அடுத்தவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதியவள், அன்று தானே சொல்லி எழுத வைத்தாள். அந்த நாலு நிமிஷம் ஐம்பது விநாடி உண்மையான சோதனை நேரம் இல்லை. பொத்தானை முன்கூட்டியே அமுக்குவது இந்தக் கிளையின் பழக்கம். அது எனக்குத் தெரியும், நானே சொன்னது. அந்த மெக்கானிக் முழுச் சோதனையும் செய்தவர். அவர் மேல் உள்ள குற்றத்தை நீக்கி லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'நானே சொன்னது' என்ற இடத்தில் அவர் பேனா நின்றது. லைசென்ஸ் ஆபீஸ் அலமாரிக்குள் போகப்போகிற தாள்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார். எழுதினார். கையெழுத்துப் போட்டார். கிளை முத்திரையை அக்காவே குத்தினாள்.

"இன்னிக்கே எல்லாருக்கும் சொல்லிடுவீங்கல்லக்கா?"

"சொல்லிடறேன் சார்."

பதின்மூன்று மெக்கானிக்குகள் அப்பட்டமாக உண்மை சொன்ன அந்த வாரத்தில், அந்த ஆபீஸில் சொல்லப்பட்ட ஒரே பொய் அதுதான். அதைச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி, கடிதத்தைத் தம்பி கையில் கொடுத்தாள். அவன் இரண்டு தடவை படித்தான். கண் கலங்கியது. அப்புறம் நிமிர்ந்து, எல்லாருக்கும் போன் பண்ணிட்டியா என்று கேட்டான். அவள் இல்லை என்றாள்.

"பண்ணிடுக்கா. எனக்கு இது போதும். அந்த ஆளு எப்படியோ போகட்டும், விட்டுடு."

"உன் எட்டு மாசத்தை யாரு திருப்பித் தர்றது?"

"வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கே."

உள்ளேயிருந்து தம்பி பெண்டாட்டி வெளியே வந்தாள். அதிகம் பேசாத பெண். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, அண்ணி, போன் பண்ணாதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்துபோனான். அக்கா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். விட்டுவிட்டால் அந்த ஆள் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து எல்லாக் கிளைகளிலும் இதே பச்சையைக் காட்டுவார். அது நியாயமான காரணம்தான். ஆனால் அதற்காக அவள் விடாமல் இருக்கவில்லை. அவர் முகம் விழுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கடிகாரம் புதுச் சட்டையில் வந்தார். அதிகாரி அம்மா வந்து டி.வி. முன்னால் நின்றார்கள். பதின்மூன்று பெயரும் சிவப்பு. கடிகாரம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா ஒரு போனை எடுத்து, சொல்லுங்க, எந்தக் கட்டடம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மெக்கானிக்குகள் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள், இது சதி என்று கடிகாரம் ஆரம்பித்தார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பழைய பதிவுகளைக் கேட்டார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து புரட்டினார்கள்.

"இந்த வாரத்தை விட்டுட்டா, நாலு வருஷத்துல ஆறாயிரம் வேலை. ஒரு வேலையில கூட ஓட்டிப் பார்த்தது அஞ்சு நிமிஷத்தைத் தாண்டலையா? எல்லாரும் ஒரே மாதிரி நாலே முக்கால், நாலு அம்பது. இதைப் பார்த்து உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

கடிகாரம் எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரத்தில்தான் அக்கா எழுந்து வந்து கடிதத்தை அந்த அம்மா முன்னால் வைத்தாள். அவர்கள் படித்தார்கள். 'நானே சொன்னது' என்ற வரியை விரலால் தொட்டுவிட்டுக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் முகம் விழுந்தது. எட்டு மாதமாக அக்கா காத்திருந்த முகம் அது. ஆசை தீரப் பார்த்தாள். பிறகு, அன்னிக்கு அமுக்கச் சொன்னது நான்தான் மேடம், அதையும் எழுதிக்கோங்க என்றாள். அதற்காக அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வாங்கி மேஜையில் போட்டுக்கொண்டாள்.

மறு விசாரணையில் உடைந்த ஸ்பிரிங்கை எடுத்துப் பார்த்தார்கள். தம்பி மேல் குற்றம் இல்லை என்று ஆனது. லைசென்ஸ் வந்தது, வேலையும் வந்தது. ஆனால் அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவன் அக்காவிடம் அளந்துதான் பேசினான். வாக்கை மீறினது அவனுக்குப் பிடிக்கவில்லை. வேலையிடத்திலிருந்து எந்தச் சந்தேகத்துக்கும் அவளுக்குப் போன் பண்ணுவதில்லை. அவளும் கேட்கவில்லை.

கடிகாரத்தைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பவில்லை. பெரிய நாற்காலி இல்லை என்று சொல்லிவிட்டு, ஆறு மாதம் மெக்கானிக்கோடு வெளியே போய் ஒவ்வொரு கட்டத்துக்கும் உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து எழுதச் சொன்னது. அதுவரை பழைய கணக்கும் பழைய கலரும் அப்படியே இருக்கட்டும் என்று உத்தரவு. கிரீஸோடு ஜோடி. கையில் அதே போன், அதே ஐந்து பொத்தான். டி.வி.யில் பதினைந்தாவது பெயராக அவர் பெயர் ஏறியது. அவருக்கு வேலை சொல்வது அக்கா. மொட்டை மாடிகளும், சாவி தொலைத்த வாட்ச்மேன்களும் உள்ள கட்டடமாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

ஒரு மழை நாள் மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கியது. சாவி வரவே ஐம்பது நிமிஷம் ஆகிவிட்டதாம். நனைந்துபோய் நிற்கிறாராம். கிரீஸ் மேலே மோட்டார் அறையில் இருக்கிறாராம், இவர்தான் லிஃப்ட்டுக்குள் நின்று ஓட்டுகிறாராம்.

"இன்னும் முப்பது ஓட்டம் பாக்கிக்கா. சிவப்பு விழுந்துடும். அமுக்கிட்டு அப்புறம் ஓட்டிக்கட்டுமா?"

அதே கேள்வி. அமுக்கிடுங்க என்ற வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் அமுக்கட்டும், என்றைக்காவது ஏதாவது உடையட்டும், இதே மாதிரி ஒரு தாளை நானும் நீட்டுகிறேன் என்று ஒரு நிமிஷம் முழுசாக நினைத்தாள். ஏதாவது உடைந்தால் உள்ளே நிற்கப்போவது இவர் இல்லை, யாரோ ஒரு டீச்சர் என்பதும் உடனே ஞாபகம் வந்தது.

"என் தம்பியும் அன்னிக்கு இதையேதான் கேட்டான் சார். நீங்க நாற்பதும் ஓட்டிட்டு அமுக்குங்க. போனை வைக்காதீங்க. சத்தமா எண்ணுங்க, நான் கேட்டுட்டு இருக்கேன்."

ஸ்பீக்கரைப் போட்டாள். பதினொண்ணு, பன்னெண்டு என்று அவர் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. நடுநடுவே சிக்னல் போய்ப் போய் வந்தது. டைப் அடிக்கிற பெண் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஸ்டோர்காரர் வாசலில் வந்து நின்றார். டி.வி.யில் அவர் பெயர் மஞ்சளாகியிருந்தது. இருபத்தாறு வரும்போது தம்பி ஏதோ சாமான் எடுக்க ஸ்டோருக்கு வந்தவன், கையில் அட்டைப்பெட்டியோடு உள்ளே எட்டிப் பார்த்தான். என்ன சத்தம் என்று கண்ணாலேயே கேட்டான். அக்கா டி.வி.யைக் காட்டினாள்.

போதும் விடுக்கா என்று சொல்லுவான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டான். இருபத்தேழு, இருபத்தெட்டு. பெட்டியோடு மேஜை வரைக்கும் வந்து போன் பக்கம் குனிந்தான்.

"சார், கதவு திறக்கிற சத்தமே கேக்கலை. திறக்காம எண்ணுறீங்க. மறுபடியும் ஒண்ணுலேருந்து ஆரம்பிங்க."

டி.வி.யில் மஞ்சள் சிவப்பானது. தம்பி பெட்டியை அக்காவின் மேஜை மேலேயே வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஒண்ணு என்றது போன். இந்தத் தடவை கதவுச் சத்தமும் கேட்டது.